மாதாவின் வட்டம்

அந்த நாற்காலியில் வேண்டாம் தாயி, கால் ஆடும். இதில் உட்காருங்கள். கச்சான் காற்று தணியாமல் உங்களை ஏற்றிக்கொண்டு ஒருவனும் வத்தைப் படகைக் கடலில் இறக்கமாட்டான். மதியத்துக்கு மேல் இந்தக் காற்று ஒரு பிடிவாதம் பிடிக்கும். கோயிலில் மணி அடிக்கிற நேரத்துக்குத் தானாக விழுந்துவிடும். அதுவரைக்கும் அந்தத் தொட்டிகளின் மேல் ஈரச்சாக்கைப் போட்டுவையுங்கள். எவ்வளவு தொலைவிலிருந்து கொண்டுவந்த புல், வாடிவிடப் போகிறது. புல்லைக் கட்டி இறக்குகிற மூங்கில் சட்டங்கள் வெயிலில் கிடந்தால் குற்றமில்லை. உங்கள் டிரைவரையும் கூப்பிடுங்களேன். வண்டிக்குள்ளேயே துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கிறார், அவியாதா?

சரி, அவர் இஷ்டம்.

டீச்சரைக் கேட்டுவிட்டு இறக்குங்கள் என்று கமிட்டியில் சொன்னார்களாக்கும். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடல் விவகாரத்தில் இந்த மதலேன் டீச்சரைக் கேட்காமல் தோணிமுனையில் ஒரு காரியமும் நடந்ததில்லை. நடந்த காரியமெல்லாம் கெட்டுப்போனது வேறு விஷயம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நான் தாவரவியல் படித்தவள், தெரியுமா? மதுரையில், விடுதியில் தங்கி. இந்த ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். ஒருநாள் வகுப்பில் பேராசிரியை படம் போட்டுக் காட்டினார். கடலுக்கு அடியில் வளர்கிற புல், இது பாசி இல்லை, வேர் உண்டு, பூ உண்டு, தண்ணீரிலேயே மகரந்தம் மிதந்துபோய்ச் சேரும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் தாழை அது. கரையில் மணக்கிற தாழை இல்லை. எங்கள் ஆட்கள் கடல்புல்லைத்தான் தாழை என்பார்கள். சின்ன வயதிலிருந்து காலில் சுற்றிக்கொண்டு கிடந்த சனியன், அது பூக்குமென்று மதுரைக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். லீவுக்கு வந்ததும் தம்பி இன்னாசியிடம் சொன்னேன். "பூக்குதுன்னு தெரியும்க்கா. அதுக்குப் பேரு உண்டான்னு நீதான் படிச்சுட்டு வந்து சொல்லணும்" என்றான். அப்பவே அவனுக்கு வாய்.

இன்னாசிக்கு நண்டுவலை. வத்தை சொந்தம். தாழை நிற்கிற இடத்தில்தான் நண்டு இருக்கும், கணவாய் முட்டை வைக்கும். அவன் பிழைப்பு மொத்தமும் அந்தப் புல்லுக்குள் இருந்தது. கோயில் கோபுரத்தில் ஏறி நின்று பார்த்தால், தண்ணீர் தெளிந்த நாளில், குடாவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் கரும்பச்சை. அலை போகிற திசைக்கெல்லாம் அதுவும் சாயும். கடல் தன் தலையைத் தானே கோதிக்கொள்கிறது என்று தோன்றும் எனக்கு.

அந்தப் பச்சைக்கு நடுவில் ஒரு வட்டம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் உங்களுக்கு.

புல் முளைக்காத வெள்ளை மணல் வட்டம். கவராயம் வைத்து வரைந்ததுபோல அவ்வளவு சுத்தம். மாதா கால் பதித்த இடம் அது. எங்கள் திருவிழா செப்டம்பரில். கடைசி நாள் சொரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவோம். ஊர்ப்படகெல்லாம் பின்னால் வரும். அந்த வட்டத்துக்கு வந்ததும் மாதாவின் படகு நங்கூரம் இறக்கும். செபமாலை முடிகிறவரைக்கும் அங்கேயே நின்று, பிறகுதான் கரை திரும்பும். நங்கூரத்தை இறக்குகிற உரிமை எங்கள் குடும்பத்துக்கு. எந்தக் காலத்திலோ உடைந்த கப்பலிலிருந்து எங்கள் பூட்டன் எடுத்துவந்த நங்கூரம், அதே கப்பலின் சங்கிலி. ஆள் உயரம் இருக்கும். அது இறங்கும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், கடகடவென்று, கடலே படி இறங்கிப் போகிறதுபோல. சொரூபத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்கள் அந்தச் சத்தத்துக்கு நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். பூட்டன் இறக்கினார், தாத்தா இறக்கினார், அப்பா இறக்கினார், அப்பாவுக்குப் பிறகு இன்னாசி.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் நினைக்கிறது எனக்குத் தெரியும். நானும் படித்தவள்தான் தாயி. படித்தது ஒரு பக்கம் இருக்கும், இது ஒரு பக்கம் இருக்கும்.

முதலில் வந்தது கண்ணாடிப் படகு. அடியில் கண்ணாடி பதித்து, தாழையையும் மீனையும் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுகிற படகு. என் பெரியப்பா பேரன் ரீகன்தான் முதலில் கொண்டுவந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன், அப்புறம் டவுனிலிருந்து ஆட்கள். தாழைக்கு மேலே போய் நிறுத்தினால்தானே காட்ட முடியும்? நிறுத்த வேண்டுமென்றால் நங்கூரம். அதைப் பார்த்து நம்ம மீன்காரர்களுக்கும் சோம்பல் வந்தது, போட்ட இடத்தில் போட்டார்கள். இன்னாசி வலையில் நண்டுக்குப் பதிலாக வேரோடு பிய்ந்த தாழை ஏறி வந்தது. ஒருநாள் அதை ஒரு கட்டாகக் கட்டி என் வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான்.

நான் சும்மா இருக்கிற ஆளா? கோயில் முற்றத்தில் ஊரைக் கூட்டவைத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து கரும்பலகையைத் தூக்கிவரச் சொன்னேன். சாக்பீஸால் வரைந்து விளக்கினேன். இங்கே பாருங்கள், நங்கூரம் ஓரிடத்தில் குத்தி நிற்கும். படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அதைச் சுற்றும். சங்கிலி தரையில் இழுபட்டுச் சுற்றும். சுற்றச் சுற்ற ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்துக்குள்ளே ஒரு வேர் மிஞ்சாது. வேர் போனால் மணல் பிடி விட்டுவிடும், அலை அதன் ஓரத்தைத் தின்னத் தொடங்கும். ஒரு தடவை போனது திரும்ப ஒரு தலைமுறை ஆகும், மறுபடி அங்கேயே போட்டால் எப்போதும் திரும்பாது. இப்படிச் சொல்லிக்கொண்டே பலகையில் வட்டம் போட்டேன். எனக்கு வட்டம் நன்றாக வரும், கருவி வேண்டாம். ஊரே வாயைப் பிளந்து கேட்டது. அப்படிப் பேசினேன் அன்றைக்கு.

இன்னாசி மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான்.

"அக்கா, நீ வரைஞ்சிருக்கியே, அது மாதா வட்டம்ல."

பெண்கள் பக்கம் குசுகுசுவென்றார்கள். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. ஊர்ச்சபையில், கோயில் முற்றத்தில், நங்கூரம் இறக்குகிற குடும்பத்துப் பிள்ளையே பேசுகிற பேச்சா அது? உட்காருடா என்றேன். உட்கார்ந்துவிட்டான். அவன் எப்போதும் என் சொல்லைத் தட்டமாட்டான்.

அதற்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் உதவிக்கு வந்தது. உங்களைப் போல நல்ல பிள்ளைகள். திரை கட்டிப் படம் காட்டினார்கள். மத்தியதரைக் கடல் பக்கம் ஏதோ ஒரு குடா, அங்கேயும் காலங்காலமாக மீன்பிடிக்கிற ஊர், அங்கேயும் அடியில் புல். உல்லாசப் படகுகள் வந்து நங்கூரம் போட்டுப் போட்டுப் புல்வெளி கந்தலாகிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? மணலுக்குள் ஒரு பெரிய இரும்புத் திருகைத் திருகி இறக்கினார்கள். அதிலிருந்து ஒரு கயிறு மேலே வந்தது, கயிற்று முனையில் ஒரு மிதவை. வருகிற படகு நங்கூரம் போடாமல் அந்தக் கட்டுமிதவையில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அங்கத்துக் கிழவர்களும் கையில்லாத பனியனில், இன்னாசி மாதிரியே முறைத்துக்கொண்டு நின்றார்கள். கரையில் வெள்ளைக் கோயில் ஒன்றும் தெரிந்தது. அவர்கள் மாதா எந்த இடத்தில் நங்கூரம் இறக்குகிறாள் என்று கேட்டேன். படம் காட்டிய பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், தெரியவில்லை.

நம்ம குடாவிலும் மிதவை போட்டார்கள். ஆரஞ்சு நிறம். காலையில் பார்த்தால் கடலில் பழம் காய்த்ததுபோல இருக்கும். அதற்கு ஊர்ச்சட்டம் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. மிதவைகளுக்கு உட்பட்ட கடலில் யாரும் எக்காரணம் கொண்டும் நங்கூரம் இறக்கலாகாது. தமிழில் எப்படி நிற்கிறது பாருங்கள். பெயின்ட் அடித்துப் பலகையில் எழுதி இதோ இந்தக் கரையில் நட்டோம். எழுதுகிற அன்றைக்கே நான்தான் யோசித்துச் சொன்னேன், 'மாதாவின் நங்கூரம் நீங்கலாக' என்று அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டுமென்று. வருஷத்தில் ஒரே ஒரு நாள். அதுவும் ஏற்கெனவே புல் இல்லாத இடம். அதனால் யாருக்கு என்ன நட்டம்?

இன்னாசி வீட்டுக்கு வந்தான். வாசற்படியில் நின்றே பேசினான்.

"நாமளே போட்டா, மத்தவன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போடாதேன்னு சொல்றது? இந்த வருசம் மாதா படகை மிதவையில கட்டுவோம்க்கா. மாதா என்ன கோவிச்சுக்கவா போறா?"

"மாதாவைக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் உருண்டையில் கட்டச் சொல்கிறாயா?" என்றேன்.

"புல்லுக்குத் தெரியுமாக்கா, இது மாதா நங்கூரம், இது ரீகன் நங்கூரம்னு?"

தெரியும் என்றேன். சொன்னேன்தான். இப்பவும் சொல்வேன்.

அந்த வருஷம் அவன் நங்கூரத்தைத் தொடவில்லை. சொரூபம் ஏறியாயிற்று, கொட்டு முழங்குகிறது, நம்ம ஆள் கரையில் வலை உதறிக்கொண்டிருக்கிறான். உரிமை விட்டுப்போகலாமா? ரீகனைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னேன். அவனும் அதே ரத்தம்தானே. நன்றாகத்தான் இறக்கினான். கண்ணாடிப் படகு ஓட்டி ஓட்டிக் கைப்பழக்கம்.

அங்கேதான் தாயி பிடித்தது சனி. மனுஷர்களுக்கு எவ்வளவு பேராசை என்று பாருங்கள். வடக்குத்தெரு சந்தியாகப்பர் கோயில்காரர்கள் வந்தார்கள். மாதாவுக்கு உண்டென்றால் எங்கள் சந்தியாகப்பருக்கு இல்லையா, அவர் என்ன இரண்டாந்தரமா? அவர்கள் திருவிழா ஆரம்பித்தே இருபது வருஷம்கூட இருக்காது. சாமியார் சண்டை வேண்டாம் என்றார், சேர்த்தோம். அப்புறம் முனைக்கு அந்தப் பக்கத்து மாரியம்மன் கோயில்காரர்கள், முளைப்பாரி கரைக்கிற அன்றைக்கு மட்டும் என்று கேட்டார்கள். மத நல்லிணக்கம், மறுக்க முடியுமா? சேர்த்தோம். இறந்தவர்களுக்குக் கடலில் பூப்போடப் போகிற குடும்பங்கள், அவர்களுக்கு ஒரு வரி. ரீகன் வந்தான், மாதாவுக்கே நங்கூரம் இறக்குகிறவன் நான், எனக்கே இல்லையா என்றான். அதைக் கேட்டு மற்ற கண்ணாடிப் படகுக்காரர்கள். கல்யாண ஜோடியைக் கடலில் நிறுத்திப் படமெடுக்கிற ஒரு கூட்டம்கூட வந்தது, தெரியுமா? எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள், டீச்சர் உங்கள் தமிழில் எழுதினால்தான் எடுபடும் என்று. எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வயிறெரிந்துகொண்டேதான் எழுதினேன். பலகையில் இடம் தீர்ந்துபோய்ப் பின்பக்கம் திருப்பி எழுதினோம். போய்ப் பாருங்கள், இன்னும் நிற்கிறது. முன்னால் நிற்கிற அந்த ஒரு வரிச் சட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் நீங்கலாக, நீங்கலாக, நீங்கலாக.

மிதவைகளை யாரும் சீண்டவில்லை. வெயிலில் வெளுத்து ஒவ்வொன்றாக அறுந்து போயின. ஒன்றை என் பக்கத்துவீட்டுக்காரி கோழி அடைக்க எடுத்துக்கொண்டாள்.

தாழை உடனே சாகவில்லை. அது வாய்விட்டுச் சொல்கிற ஜாதி இல்லை. இங்கே ஒரு வெள்ளை, அங்கே ஒரு வெள்ளை. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் வெள்ளையின் ஓரம் அகலும். பிறகு ஒரு புயல் வந்தது, வெள்ளைகளெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. கரை முழுக்க முட்டளவு தாழை ஒதுங்கி அழுகிக் கிடந்தது. அந்த நாற்றம் எங்கள் சோற்றில் வீசியது, துணியில் வீசியது. பூசை நேரத்தில் சாம்பிராணியை மீறி வீசியது. நான் கோபுரத்தில் ஏறிப் பார்க்கிறதை அத்தோடு விட்டுவிட்டேன், முழங்காலும் ஒத்துழைக்கவில்லை.

நண்டு போனபின் இன்னாசி வத்தையைக் கரையேற்றிக் கவிழ்த்துவைத்தான். தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் வேலை. எழுபதை நெருங்குகிற மனுஷன், ஐஸ்கட்டி தள்ளுகிறான். போகிற அன்றைக்குப் பேருந்து நிற்கிற இடம் வரைக்கும் நானும் போனேன். கைப்பையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், கொடுக்க மனசில்லாமல். என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"தாழை வந்தா வாறேன்க்கா. வட்டத்துலயும் சேத்து வரணும். அந்த நங்கூரம் கோயில் முத்தத்துல கிடக்கட்டும், மாலை போட்டு நானே கும்புடுறேன். கடலுக்குள்ள மட்டும் அது போகக்கூடாது."

கண்ணாடிப் படகுக்காரர்கள் மேல் உள்ள கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டாமா, அக்காவிடம் காட்டினான். உடன்பிறந்தவளிடம்தானே காட்ட முடியும். அதற்குப் பிறகு பேச்சில்லை. என் போனை எடுக்கமாட்டான். கிறிஸ்துமஸுக்கு அவன் மகள்தான் பேசுவாள், பின்னால் அவன் இருமுகிறது கேட்கும். எனக்கு அவனைத் தவிர யாரும் இல்லை தாயி. கல்யாணம் என்று ஒன்று எனக்கு நடக்கவில்லை. அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான்.

இந்த வருஷத் திருவிழாவைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சொரூபத்தை ஏற்றிக்கொண்டு போனோம். போகிறோம், போகிறோம், வட்டம் வரவில்லை. ரீகன் படகைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். தண்ணீர் சுத்தமாக இருந்தது, அடிமணல் தெரிகிறது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. சுற்றிலும் பச்சை இருந்தால்தானே நடுவில் வட்டம் என்று ஒன்று தெரியும்? மாதாவைச் சுமந்துகொண்டு, அவள் இடம் எது என்று தெரியாமல் குடா முழுக்க அலைந்தோம். சாமியாருக்குத் தலைசுற்றி வாந்தி. பெண்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடித் தொண்டை கட்டிப்போனார்கள். கடைசியில் ரீகன் எங்கேயோ ஓரிடத்தில் போட்டான். சங்கிலி இறங்கின சத்தம் எனக்குச் சத்தமாகவே படவில்லை. நான் அழுதேன். சலுகை கேட்டு வந்த இந்தக் கூட்டம் மாதாவுக்கு நிற்கக்கூட இடமில்லாமல் பண்ணிவிட்டதே என்று அழுதேன்.

அதனால்தான் உங்களைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. பழைய படமெல்லாம் உங்கள் கருவியில் இருக்கிறதாமே, மேலே வானத்திலிருந்து எடுத்தது. எங்கெங்கே தாழை நின்றது என்று அடி பிசகாமல் சொல்லுமாமே.

என்ன தாயி?

மெதுவாகச் சொல்லுங்கள். வண்டியில் இருக்கிறது யார்?

இன்னாசியா?

டிரைவர் என்றல்லவா நினைத்தேன். துண்டைப் போட்டுக்கொண்டு... இவ்வளவு நேரமும் அங்கேயா இருக்கிறான்? மெலிந்துவிட்டானா? முன்பெல்லாம் வண்டி நின்றால் முதல் ஆளாகக் குதிப்பான். தண்ணீருக்குள் முங்கி இந்த மூங்கில் சட்டங்களை இறக்க அவன்தான் வந்திருக்கிறானா? இந்தக் குடாவில் மண் எங்கே பிடிக்கும், நீர் எங்கே இழுக்கும் என்பது அவனுக்குத்தான் தெரியும், அவனை விட்டால் உங்களுக்கு ஆளில்லை, சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். அவனுக்கு நெத்திலி வறுத்தால் பிடிக்கும். வீட்டில் இருக்கிறது. வரச் சொல்லுங்கள், நான் ஒன்றும் பேசமாட்டேன் என்று சொல்லுங்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவரச் சொன்னானா? அவ்வளவுதானா? கேளுங்கள்.

வட்டத்திலும் நடலாமா என்று.

நங்கூரம் கரையில் கிடக்குமா என்று.

...

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

போய்ச் சொல்லுங்கள் தாயி, அக்கா சம்மதித்துவிட்டாள் என்று. முழு மனசோடு. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் நடுங்கள். ரீகன் வந்து மறித்தால் நான் பேசிக்கொள்கிறேன். பலகையில் இருக்கிற எல்லா 'நீங்கலாக'வையும் நானே சுண்ணாம்பு அடித்து அழிக்கிறேன், ஒன்று விடாமல். சந்தியாகப்பர் கோபித்தால் கோபிக்கட்டும். ஆனால் முதலில் உங்கள் கருவியை வைத்து அந்த வட்டத்தை மட்டும் கண்டுபிடித்துவிடுங்கள். நான்கு கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். அதற்குள் ஒரு வேர் போகக்கூடாது. சுற்றிலும் பச்சை வந்ததும் அது தானாகத் தெரியும், நங்கூரம் இறக்குகிறவனுக்கு இடம் தேட வேண்டியிருக்காது. அடுத்த செப்டம்பரில் இன்னாசிதான் இறக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுங்கள். எல்லா இடத்திலும் நடலாம், வட்டம் நீங்கலாக. இப்படியே சொல்லுங்கள், வார்த்தை மாறாமல்.

போங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.

வந்துவிட்டீர்களா, என்ன சொன்னான்? இறங்கவே காணோமே. துண்டு இன்னும் முகத்திலேயே கிடக்கிறது.

தொட்டியை ஏன் தூக்குகிறீர்கள்? அதை வண்டியில் ஏற்ற வேண்டாம் தாயி, வத்தை அந்தப் பக்கம் நிற்கிறது. மணி அடித்தாயிற்று, கேட்டீர்களா? நான்தான் சொன்னேனே, காற்று தானாக விழுந்துவிடுமென்று. பாருங்கள், ஒரு அலை இல்லை. அடிவரைக்கும் தெரிகிறது.